நாலாவது ஆள்

என் படத்தில் யாராவது குறை சொன்னால் அந்த வயதில் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். கள்ளக்குறிச்சியில் துணிக்கடைப் பலகை, கட்சித் தட்டி, சினிமாக் கொட்டகை பேனர் என்று நான் கை வைக்காத சுவர் கிடையாது என்ற மிதப்பு வேறு. மிதப்புக்குக் காரணமும் இருந்தது. களமருதூரில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டில் பிறந்தவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டு ஒரு பேனர் கடையில் சேர்ந்து, வாளி கழுவி, பிரஷ் அலசி, சின்னப் படத்தைப் பெரிதாக்கக் கட்டம் போடக் கற்று, கடைசியில் கதாநாயகன் முகத்தையே என்னை நம்பி விடுகிற அளவுக்கு வந்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது.

ஒருநாள் மலைப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியர் கடை தேடி வந்தார். திருநாவலூர் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், ஆனால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிதான் எப்போதும் பேசுவார்.

"மனுஷன் எப்படி மனுஷன் ஆனான்னு ஒரு படம் வேணும்ப்பா. புதுசா ஆய்வுக்கூடம் கட்டியிருக்கோம். அதோட வெளிச்சுவத்துல, ஆளுயரத்துக்கு மேல, பெருசா. முடியுமா?"

"முடியுமான்னு என்னையா சார் கேக்கறீங்க?" என்றேன்.

அவர் ஒரு பாடப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு படம். வரிசையாக ஐந்து உருவங்கள். முதலில் வாலோடு கிளையைத் தொற்றும் ஒரு பிராணி. அடுத்தது வாலில்லாக் குரங்கு. மூன்றாவது, குட்டையாக இருந்தாலும் இரண்டு காலில் நிற்கிற ஒன்று. நான்காவது, கல்லாயுதம் பிடித்த ஆதிமனிதன். கடைசியில் இன்றைய மனிதன். அச்சு மங்கி, எது மூக்கு எது தாடை என்றே தெரியவில்லை. இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? பெயிண்ட் டப்பாக்களைக் கோணியில் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ் ஏறினேன்.

வெள்ளிமலையில் இறங்கி, அதற்கு மேல் போகிற ஜீப்புக்குக் காத்திருந்தபோது டீக்கடைக் கூரை மேல் ஒரு குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நோட்டை எடுத்து வரையத் தொடங்கினேன். அதில் ஒன்று மெதுவாக இறங்கி வந்து, மடியிலிருந்த என் பன்னை எடுத்துக்கொண்டு போய், என் எதிரிலேயே உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றது. தலைமையாசிரியரிடம் போய், "உங்க தாத்தா என் பன்னத் தின்னுட்டாரு சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "குரங்கு நமக்குத் தாத்தா இல்லப்பா, பங்காளி. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்ன ஒரே வூட்டுல இருந்தோம். அவங்க ஒரு பக்கம் போனாங்க, நாம ஒரு பக்கம் வந்தோம். நடுவுல எத்தனையோ பங்காளிங்க வம்சமே இல்லாம போயிட்டாங்க" என்றார்.

நான் சாரத்தின் மேல் நின்று கட்டம் போடுவேன். அவர் பாடம் இல்லாத நேரத்தில் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து இப்படித்தான் பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள், "உன் கட்டை விரலப் பாரு" என்றார். "மத்த நாலு விரலையும் போயித் தொடுது பார். கெளையப் புடிக்க வந்த கைதான் அது. கீழ எறங்கி நிமிர்ந்து நின்னதும் கை சும்மா ஆயிடுச்சி. கல்லப் புடிச்சது, நெருப்பப் புடிச்சது, வெதையப் புடிச்சது. இப்ப உன் பிரஷ்ஷப் புடிக்குது." அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசையாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பை விட்டதற்காக நான் வருத்தப்பட்டது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை.

எனக்குச் சாப்பாடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கி, தேன் எடுத்துப் பிழைக்கிற மலைக்காரர் ஒருவரின் வீடு. நாற்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அதனால் அவர் மகள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டது. கல்யாணம்கூட ஆகாத வயதில் சித்தப்பா ஆகிவிட்டேன். அந்தப் பெண் அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது. வகுப்பில் மூன்றே பெண்கள். மற்ற இரண்டு பேர் மலைக்குக் கீழேயிருந்து வந்த உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள். அந்த மலைக் கிராமத்தில் பத்தாவது வரை வந்த முதல் பெண் இதுதான்.

அண்ணனுக்கு ஒரே ஆசை. பத்தாவது முடிந்ததும் மகளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்டலில் சேர்த்து மேலே படிக்க வைக்க வேண்டும். ஆனால் ஊரில் பெண் கேட்டு வந்தபடி இருந்தார்கள். பெரியவர்கள் நச்சரித்தார்கள். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு, படிச்சிட்டு நம்மளத்தான் மதிக்காம போவும்னு பேசறாங்க தம்பி. ஒத்த ஆளா இன்னும் எத்தினி நாளைக்கி நான் பதில் சொல்லிகினு இருக்கறது?" என்று ஒருநாள் என்னிடம் புலம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் நான்காவது உருவத்துக்கு எனக்கு ஆள் தேவைப்பட்டது. புத்தகப் படத்தில் எலும்பு, சதை ஒன்றும் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். முறுக்கேறிய உடம்பு, தோள் எலும்பு, கல்லைப் பிடிக்கத் தெரிந்த கை. இவரை விட்டால் வேறு ஆள் ஏது? "அண்ணே, உங்கள வெச்சி வரையறேன். பள்ளிக்கூடத்துச் சுவத்துல உங்க படம் வரப்போவுது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்கவே முடியாது. மறுநாள் வெளுத்த வேட்டி, இரவல் சட்டை, புதுத் தலைப்பாகை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "சட்ட வேணாம்ணே, கழட்டுங்க" என்றேன். கழற்றினார். "தலப்பாவும் வேணாம்." அதையும் எடுத்தார். கையில் ஒரு கல்லைக் கொடுத்து, கொஞ்சம் குனிந்து நிற்கச் சொன்னேன். நின்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்லை எப்படிப் பிடித்தால் விரல் நசுங்காது என்று எனக்குத் திருத்திக் காட்டினார். மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் தன் படம் வருகிறது, இனிமேல் மகள் படிப்பைப் பற்றி ஒருவனும் வாய் திறக்க மாட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி ஆளுக்கு நான் யாரையும் நிற்க வைக்கவில்லை. துணிக்கடைப் பலகைக்கு நூறு தடவை போட்ட உருவம் இருந்தது. கோட்டு, டை, வாரிய முடி, ரோஸ் கலர் கன்னம். கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். பேனர் தொழிலில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதாநாயகன் முகத்துக்கு ரோஸ், வில்லன் முகத்துக்குக் கறுப்பும் பச்சையும். அந்தப் பழக்கத்தில் சுவரிலும் முதல் உருவத்துக்கு அடர்ந்த கறுப்பில் தொடங்கி, போகப் போக வெளிற வைத்து, கடைசி ஆளை நல்ல ரோஸில் கொண்டுபோய் முடித்தேன். அண்ணனுக்கு இடுப்பில் தழை கட்டிவிட்டேன். பிரமாதமாக வந்திருப்பதாக நினைத்து நானே எட்ட நின்று ரசித்துக்கொண்டேன்.

பட ரிலீஸ் வரைக்கும் பேனரைப் படுதாவால் மூடி வைப்பது எங்கள் வழக்கம். இங்கேயும் சாக்குப் படுதா போட்டு மூடி வைத்து, வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற சனம் கூடுகிற நேரமாகப் பார்த்துத் திறந்தேன். அண்ணன் தன் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு முன்னால் நின்றார். பெரியவர்களும் வந்திருந்தார்கள்.

படுதா விழுந்தது. கூட்டத்தில் யாரோ, "இன்னாடா இது, மாமன் தழையக் கட்டிகினு நிக்கறாரு" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. "கொரங்குக்கு ரெண்டு வூடு தள்ளி" என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் சிரிக்காமல் சொன்னதுதான் அண்ணன் காதில் நன்றாக விழுந்திருக்கும். "பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு ஓடனியே, அவங்க உன்ன எங்க நிறுத்தி வெச்சிருக்காங்க பாத்தியா?"

அண்ணன் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் உழைப்புக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா? தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் குதித்தேன். "புக்குல இருக்கறதத்தான சார் வரைஞ்சேன்? என் மேல இன்னா தப்பு?"

"தப்பில்லப்பா. அறிவியல்தான இது" என்று சொல்லிக்கொண்டே அவர் புத்தகத்தைப் பிரித்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வெறும் கோட்டுப் படம். கறுப்பு மசி. அதில் ரோஸும் இல்லை, கருமையும் இல்லை. கடைசி ஆளுக்கு டையும் இல்லை. அதெல்லாம் நான் போட்டது. தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தினமும் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அவரும். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு நிறுத்துகிற பழக்கம் அந்தச் சனத்துக்கு இல்லை. ஆனால் மகளுக்குப் பதிலாக அண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சுவருக்கு எதிரே பையன்கள் கூட்டமாக நின்று, "நாலாவது ஆளு பொண்ணு எங்கடா காணோம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் தண்ணீர் வாளியைத் தூக்கி அவர்கள் மேல் ஊற்றப் போனேன். தலைமையாசிரியர் பிடித்து நிறுத்தினார். பேசாமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து களைக்கொத்துக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். "வா தம்பி" என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்தேன்.

"படத்துல கொற சொல்லல தம்பி. மூஞ்சி என் மூஞ்சிதான். என் பொண்டாட்டியே சொன்னா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கு அப்பறம் ஒருத்தன் நிக்கறானே செவசெவன்னு, அவன் யாரு?"

"அது இப்ப இருக்கற மனுஷன்ணே."

"அப்ப நான் இப்ப இல்லயா?"

அவர் செதுக்கிக்கொண்டே பேசினார். "எனக்கு அடுத்து நிக்கறது எனக்குப் பொறந்ததா இருக்கணும். அவன் எனக்குப் பொறக்கல. எங்கப்பன் இந்த மலைய ஆண்ட ஜாகீர்தாருக்கு மூட்ட தூக்குனாரு, கூலி கெடையாது. அப்ப எங்கள யாரும் மனுஷன்னு சொன்னதில்ல. இப்பதான் நாலு பேரு 'வாங்க'ன்னு கூப்புடறாங்க. நீ மறுபடியும் தழையக் கட்டிவுட்டுட்ட."

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தது. "சித்தப்பா, அந்த வரிசையில நீங்க எத்தினியாவது ஆளு?"

கிண்டலாகத்தான் கேட்டது. நான் என் கையைப் பார்த்தேன். அண்ணன் கையும் என் கையும் ஒரே நிறம். அந்த ரோஸ் ஆள் எனக்கும் பிறந்தவனில்லை, என் அப்பனுக்கும் பிறந்தவனில்லை. பத்து வருஷமாக எத்தனையோ முகத்துக்கு வர்ணம் குழைத்திருக்கிறேன். என் நிறத்தை ஒரு கதாநாயகனுக்காவது குழைத்திருக்கிறேனா? வெட்கம் பிடுங்கித் தின்றது. வயசு வித்தியாசம் பார்க்காமல் இரண்டு பேரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அழிச்சிடறேன்ணே" என்றேன்.

"சுவத்த அழிச்சிடுவ. பேசனவன் வாய எப்டி அழிப்ப? ஞாயித்துக்கெழம பொண்ணு கேட்டு வராங்க. சரின்னு சொல்லிடலாம்னு இருக்கறேன். இனிமே எதச் சொல்லி நான் நிறுத்தறது?"

"கடைசி எடத்துல உங்க பொண்ண வரையறேன்."

அவர் காம்பைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான்காவதையும் ஐந்தாவதையும் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு அடித்தேன். தலைமையாசிரியர் பதறிப்போய் ஓடி வந்தார். "ஆய்வுக்கூடத்தப் பாக்க அடுத்த வாரம் அதிகாரி வராருப்பா!" என்றவர், நான் நடந்ததைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உண்மையில அந்தக் கடைசி எடம் எல்லாருக்கும் சொந்தம்ப்பா. இந்த மலைல இருக்கறவங்க, மெட்ராஸ்ல இருக்கறவங்க, சீமைல இருக்கறவங்க எல்லாரும் ஒரே சனம். ஆப்பிரிக்காவுல இருந்து நடந்தே வந்தவங்க. யாரும் யாருக்கும் பின்னால நிக்கல."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீ கேக்கலயே" என்றார். பிறகு, "நானும் யோசிக்கலப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

ஐந்து உருவத்துக்கும் ஒரே மண் நிறத்தைக் குழைத்தேன். நான்காவது ஆளுக்கு, சவரக் கண்ணாடியைச் சாரத்தில் மாட்டி என் மூஞ்சியையே பார்த்து வரைந்தேன். தாடை சும்மாவே எனக்குக் கொஞ்சம் முன்னால் துருத்தி நிற்கும். வேலை சுலபமாக முடிந்தது.

புதன்கிழமை காலை அந்தப் பெண் சீருடையில், கையில் கறுப்புக் குடையோடு சுவருக்கு எதிரே வந்து நின்றது. சாரத்திலிருந்து கீழே குதித்தேன்.

"அப்பா விட்டுட்டாரா?"

"கிளாசுக்குப் போவாதன்னுதான் சொன்னாரு. சுவத்துகிட்ட நிக்காதன்னு சொல்லல" என்றது.

இந்த வாய்க்காகவாவது இது படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் குடைக்குப் பதிலாகக் கையில் புத்தகம் கொடுக்கலாம் என்றார் தலைமையாசிரியர். "புக்கு நனைஞ்சிடும் சார், குடையே இருக்கட்டும்" என்றது அந்தப் பெண். குடையும் ஒரு கருவிதானே என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அது நின்ற இடம் பத்தாவது வகுப்பு ஜன்னலுக்கு நேராக இருந்தது. உள்ளே கணக்குப் பாடம் நடக்கும். நான் முகத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பேன், அதன் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். வாத்தியார் கேள்வி கேட்டு, யாருக்கும் பதில் தெரியாமல் வகுப்பு முழிக்கிறபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பாக விடையைச் சொல்லும். "வாய அசைக்காத, படம் கெட்டுடும்" என்று அதட்டுவேன். எனக்கு அழுகை வரும். படிக்க வேண்டிய பிள்ளை வகுப்புக்கு வெளியே கால் கடுக்க நிற்கிறது, நான் அதைப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். கேலி பேசின பையன்கள் முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் கிட்டே வந்து, "அக்கா, மூக்கு உன்ன மாதிரியே இருக்குது" என்றார்கள். அந்தப் பெண் திரும்பியும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். தலையில் புல்லுக்கட்டு. மகளைப் பார்த்தார், கட்டை இறக்கி வைத்தார். அந்தப் பெண் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு எழுந்தேன். என்ன நடந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

அவர் வரிசையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். நான்காவது ஆளிடம் நின்றார்.

"இது நீதான?"

"ஆமாண்ணே."

"நல்லா பொருந்துது."

அடுத்ததாக மகள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். முகம், சடை, குடை எல்லாம் முடிந்து, பாவாடைக்குக் கீழே பாதம் மட்டும் கோடாக இருந்தது. மகளை அவர் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"ஞாயித்துக்கெழம யாரும் வர மாட்டாங்க. வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அந்தப் பெண் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"காலு சரியில்ல தம்பி" என்றார் என்னிடம். "பறக்கற மாதிரி போட்டிருக்கற. நிக்கறவங்க காலு தரையில ஊனி இருக்க வாணாமா?"

முதல் தடவையாக, என் படத்தில் ஒருவர் குறை சொல்லி எனக்குக் கோபம் வரவில்லை. "இன்னும் முடியலண்ணே. பாப்பா இன்னும் கொஞ்ச நேரம் நின்னா போட்டுடுவேன்" என்றேன்.

"அது எதுக்கு நிக்கணும்? மணி அடிச்சி எவ்ளோ நேரமாவுது" என்றவர், மகள் பக்கம் திரும்பி, "நீ உள்ள போயி உக்காரு. காலுக்கு நான் நிக்கறேன்" என்றார்.

அந்தப் பெண் குடையை என் கையில் திணித்துவிட்டு வகுப்புக்கு ஓடியது. அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பாளம் பாளமாய் வெடித்த இரண்டு பாதத்தையும் மண்ணில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, மகள் நின்ற இடத்தில் நின்றார். நான் அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைந்தேன்.